கறுப்போடு கறுப்பு

ஆபீஸ் மெஷினைப் பிரித்துப் பழுது பார்த்துக் காசு வாங்குகிற ஆள் என்று சிறுவயதில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். டைப்ரைட்டர் மெக்கானிக். வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். திருவண்ணாமலை திருவூடல் தெருவில் ஒரு மாடியில் அப்பா தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முந்தின வாரம் மெக்கானிக் வந்து உட்கார்ந்துவிட்டால் மண்ணெண்ணெய் வாசனை கீழே மளிகைக் கடை வரைக்கும் இறங்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் எழுத்துக்கட்டைகளைத் தேய்ப்பார். ஓ, ஏ, ஈ போன்ற ஆங்கில எழுத்துகளின் குழியில் காய்ந்துபோன ரிப்பன் மையைக் குண்டூசியால் நோண்டி எடுப்பார். ஆனால் அதெல்லாம் பிறகுதான். மெஷினைத் தொட்டதும் முதலில் ஒரு தாளைச் செருகி எல்லா எழுத்தையும் ஒரு வரி அடிப்பார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எந்த எழுத்து மங்கல், எது வரிக்கு மேலே ஏறி நிற்கிறது, எங்கே இடைவெளி தாவுகிறது என்று பார்த்த பிறகுதான் திருப்புளி வெளியே வரும்.

அவர் எந்தப் பரீட்சையும் எழுதியவரில்லை. அதே அறையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்காகவே வந்தவர்கள். மெஷினை ஓட்டுகிறவருக்கு அரசாங்கம் சான்றிதழ் தரும், மெஷினைச் சரிசெய்கிறவருக்கு எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் அந்த ஏற்பாடு தலைகீழான கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தட்டச்சுப் பரீட்சையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரின் கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிப் பேச முடியாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும் தேர்வு. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. ஊரில் யாரும் இளநிலை, முதுநிலை என்று சொல்லமாட்டார்கள், லோயர், ஹையர்தான். தமிழுக்குத் தனி, இங்கிலீஷுக்குத் தனி. தேர்வு மையத்துக்கு மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கொல்கத்தா ரெமிங்டனும் கோத்ரெஜும் ஃபாசிட்டும் சாக்குத் துணி சுற்றி வண்டியில் ஏறும். பழகிய மெஷினை விட்டால் பிள்ளைகளுக்கு விரல் ஓடாது என்பதால், யாருடைய மெஷின் எது என்று சாக்பீஸில் எழுதி வைப்போம். தேறிவிட்டால் அந்தத் தாள் ஆயுளுக்கும் செல்லும். எழுபதுகளில் வாங்கிய சான்றிதழோடு இன்றைக்கும் ஒருவர் தலைநிமிர்ந்து நிற்கலாம். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆற்காட்டைப் பிரித்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று புது மாவட்டம் அமைத்தபோது கலெக்டர் ஆபீஸும் மற்ற அலுவலகங்களும் வந்தன. இனி தட்டெழுத்தர் வேலை உள்ளூரிலேயே என்று பேச்சு கிளம்பி, காலை ஆறு மணி பேட்ச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அப்படிப் பரீட்சை என்றால் என்ன என்று இந்த ஊர் கற்றுக்கொண்டது தட்டச்சு அறையில். விரலுக்குப் பழக்கு, மனசுக்கு வேலை வைக்காதே என்பதுதான் அதன் சூத்திரம். தட்டச்சுக்கு அது சரி. அதே சூத்திரத்தைக் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக்கும் கொண்டுபோனோம். அதில்தான் கோளாறு.

இந்தியாவில் கம்ப்யூட்டரைச் சரிசெய்வது ஒரு தனித் தொழிலாக உருவான விதமே வேடிக்கை. இங்கே மெஷின் குறைவு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலை அதிகம். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுவிட்டுப் போன மெஷின்களை யார் பராமரிப்பது? அதற்கென்றே மத்திய அரசு 1975இலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பின்னாளில் சிஎம்சி என்று சுருங்கி, 2001இல் டாடா கைக்குப் போனது இதுதான். மராமத்துக்காகவே ஒரு பொதுத்துறை நிறுவனம்! எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. ஆனால் அதன் இன்ஜினியர்கள் பெரிய மெஷின்களின் ஆட்கள். கடைத்தெருவில் வாங்கக்கூடிய பெர்சனல் கம்ப்யூட்டருக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

அந்தச் சின்ன மெஷின் 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிறந்தது. அதுவும் ஐபிஎம் செய்ததுதான். அடுத்த ஆண்டே அங்கே கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1990இல் அது காம்ப்டியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடைக்காரர்களின் தலைவலி எளிது: ஒவ்வொரு கம்பெனியும் தன் மெஷினுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தது. கடையிலிருக்கும் பையனை எத்தனை கம்பெனிக்கு அனுப்புவது? எல்லாக் கம்பெனி மெஷினுக்கும் பொதுவான பரீட்சை ஒன்று வேண்டும் என்று 1993இல் ஏ பிளஸ் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். நேற்று கடையில் சேர்ந்தவன் மெஷினைப் பிரிக்கத் தகுதியானவன்தானா என்று பார்க்கும் ஆரம்ப நிலைத் தேர்வு. அதாவது, இந்தப் பரீட்சையை உண்டாக்கியது பல்கலைக்கழகமில்லை, கடைக்காரர்கள். எங்கள் ஊரில் அதைக் கடைக்காரர்கள் யாரும் சீந்தவில்லை. எடுத்துக்கொண்டவர்கள் பயிலகக்காரர்கள்தான், நாங்கள்தான்.

எங்கள் மாடிக்குக் கம்ப்யூட்டர் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. முன்னறையில் டைப்ரைட்டர், பின்னறையைக் கண்ணாடி வைத்து அடைத்து ஏசி போட்டுக் கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு காரணம் என்று சொன்னோம், பக்தியும் கொஞ்சம் கலந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்போம். சாம்பிராணியை மட்டும் அந்த அறைக்குள் விடமாட்டோம். 1997இல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் உதிரிபாகங்களுக்கான சுங்கம் ஆண்டுக்காண்டு இறங்கியது. கம்பெனி மெஷினுக்குப் பதில் அசெம்பிள் செய்த மெஷின் வீடுகளுக்கே வரத் தொடங்கியது. அசெம்பிள் செய்த மெஷினுக்குக் கம்பெனி சர்வீஸ் கிடையாது. ஆகவே ஹார்டுவேர் தெரிந்த பையனுக்குத் தேவை வந்தது. ஊருக்கு ஊர் ஹார்டுவேர் வகுப்பு முளைத்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

நானும் சென்னையில் படித்துவிட்டு வந்து அந்த வகுப்பைத் தொடங்கினேன். அப்போது செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் பாரிமுனையில் கொண்டுபோய் விடும். கோயம்பேடு நிலையம் திறந்தது 2002இல்தான். பாரிமுனையிலிருந்து, கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ரிச்சி தெரு கிட்டே. தெரு என்று பெயர், உள்ளே போனால் சந்துக்குள் சந்து. மதர்போர்டை வெறும் நியூஸ்பேப்பரில் சுற்றித் தருவார்கள். பரீட்சைப் புத்தகமோ, ஸ்டேட்டிக் பிடிக்காத பையிலிருந்து போர்டை எடுக்கும் முன் மணிக்கட்டில் பட்டை கட்டி எர்த் செய்துகொள்ளச் சொல்லும். அந்தப் பட்டையை ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று இப்போது பழைய நோட்டுகளைப் புரட்டினால் ஒரு வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது. பாகங்கள் பிராசசரைக் கூப்பிடும் எண்தான் ஐஆர்க்யூ. ஐஆர்க்யூ ஒன்று கீபோர்டு, மூன்று காம் டூ, நான்கு காம் ஒன், ஆறு ஃபிளாப்பி, ஏழு பிரின்டர், பதினான்கு ஹார்டு டிஸ்க். மூன்றில் ஒன்றும் நான்கில் இரண்டும் வரும் என்று பையன் நினைப்பான், மாறி இருக்கும். பரீட்சையில் அங்கேதான் வலை விரிப்பார்கள். எஃப்டிஸ்க் போட்டுப் பார்ட்டிஷன் பிரி, ஃபார்மட் சி கோலன், ஒரு இடைவெளி, ஸ்லாஷ் எஸ். மார்கழி மாதத்துக் காலை பேட்ச் இதைக் கோரஸாகச் சொல்லும்போது கீழே மளிகைக் கடைக்காரர், "டீச்சர், என்ன மந்திரம் இது?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய மந்திரம் 'கறுப்போடு கறுப்பு'. பழைய ஏடி கேபினெட்டைத் திறந்தால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரண்டு பிளக் இருக்கும். பி8, பி9. ஒவ்வொன்றிலும் ஆறு ஒயர். இரண்டும் பார்க்க ஒரே அச்சு, இடம் மாற்றிச் சொருகினாலும் உட்கார்ந்துவிடும். சுவிட்சைப் போட்டால் போர்டு போச்சு. ஒரே அடையாளம்தான்: இரண்டு பிளக்கின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொருவராகச் சொருகச் சொல்வேன். கறுப்பு எங்கே என்று கேட்பேன். விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் பிளக் பாயின்ட்டுக்குக் கை போகலாம். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது இரண்டு பிளக்கும் ஒன்றாகி, தப்பாகச் சொருகவே முடியாதபடி ஆகிவிட்டது. ஆனால் சென்னை அலுவலகங்கள் கழித்துக் கட்டிய மெஷின்கள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டே இருந்ததால், நாங்கள் ரொம்ப நாள் கறுப்போடு கறுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாடம் ஒரு காலத்தில் இருக்கும், கடை இன்னொரு காலத்தில் இருக்கும். இந்தத் தொழிலில் அது எப்போதும் அப்படித்தான்.

இடமும் வேறு. புத்தகம் அமெரிக்கச் சுவரைப் பார்த்து எழுதியது. அங்கே சுவரில் வருவது சுமார் 115 வோல்ட், நமக்கு 230. எஸ்எம்பிஎஸ் பின்னால் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும், இந்தப் பக்கம் தள்ளினால் 115, அந்தப் பக்கம் 230. புதுப் பெட்டியைப் பார்த்ததும் முதலில் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டுவது எங்கள் பழக்கம். குழந்தை கைபட்டு 115க்குத் தள்ளிவிட்டால் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு தீய்ந்த வாசனை. எர்த்தைப் பற்றிப் புத்தகம் ரொம்பக் கவலைப்படாது, சுவரில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. மாட வீதிகளின் பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்னும். "மேடம், பாடி ஷாக் அடிக்குது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மருந்து கம்ப்யூட்டரில் இல்லை, எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது. பூஜை சாமான் கடை மெஷினைத் திறந்தால் ஃபேனில் குங்குமமும் கற்பூரக் கரியும் கலந்து மெழுகு மாதிரி பிடித்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி செத்துக் கிடப்பது எந்தப் பரீட்சையிலும் கேட்காத கேள்வி.

டிஸ்பிளே வரவில்லை, நீளமாக ஒன்று குட்டையாக இரண்டு பீப் என்றால் அவார்டு பயாஸ் மெஷினில் டிஸ்பிளே கார்டில் கோளாறு. இது புத்தகம். பீப் எந்த மாதிரி வந்தாலும் முதலில் ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களை அழுத்தித் தேய்த்து, வாயால் ஊதி மறுபடி சொருகு. இது கடை. புத்தகக்காரர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். பத்தில் எத்தனை மெஷின் இதற்கே எழுந்துவிடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கரண்ட்டும் ஊருக்கு ஊர் ஒன்றில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். தேர் போகும்போது மாட வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அன்று வகுப்பு கிடையாது. பௌர்ணமிக்கும் கிடையாது, கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால் பிள்ளைகள் வந்துசேர முடியாது. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு கழுத்தைப் பிடித்தபோது, என் மாணவர்கள் மதர்போர்டைவிட யுபிஎஸ் பேட்டரியை நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் சிலர் இன்று இன்வெர்ட்டர் கடைக்காரர்கள். பாடத்திட்டத்தில் இல்லாததால் பிழைத்தவர்கள் என்று சொல்லலாம்.

ஏ பிளஸ் பாடத்தைப் படித்தவர்கள் எல்லாம் ஏ பிளஸ் பரீட்சை எழுதியவர்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டணம் டாலரில். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒரு பேட்ச் முழுக்கச் சேர்ந்து கட்டும் மாதக் கட்டணம் அளவுக்கு வந்து நிற்கும். பயிலகங்கள் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தங்க முத்திரை வைத்துத் தங்கள் சான்றிதழைத் தந்தன. நாங்களும்தான். ரிச்சி தெருவிலும் சரி, எங்கள் தேரடித் தெருவிலும் சரி, வேலைக்கு வந்த பையனிடம் சான்றிதழ் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. செத்த மெஷின் ஒன்றைக் காட்டி, "எழுப்பு பார்க்கலாம்" என்பார்கள். சான்றிதழ் கேட்டவர்கள் சென்னை கால் சென்டர்காரர்கள்.

அதற்கும் ஒரு கதை உண்டு. 2006இல் ஏ பிளஸ் தேர்வை உடைத்தார்கள். 220-601 எல்லோருக்கும் பொது. அதன்பின் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 602 வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வேலை செய்பவருக்கு, 603 போனிலேயே பழுது பார்ப்பவருக்கு, 604 வாடிக்கையாளர் முகத்தையே பார்க்காமல் பட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு. ஒரு தொழில் எப்படிப் பிரிந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கே கம்ப்யூட்டரைத் தொடாமலே, பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடம் ஒன்றில் ராத்திரி பூரா உட்கார்ந்து, ஓஹையோவிலோ டெக்சாஸிலோ ஒரு அம்மாவின் பிரின்டரைப் பேசியே சரிசெய்யும் வேலைக்கு 603 பொருந்தியது. அந்தப் பிரிவினை மூன்றே ஆண்டுதான் தாங்கியது. 2009இல் 701, 702 என்று மறுபடி இரண்டு தாளாக்கிவிட்டார்கள்.

நான் எழுதியது 602. எங்கள் வாடிக்கையாளர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள், வேறு எதைத் தேர்ந்தெடுப்பது? பதிவு செய்யும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அடையாள அட்டையிலுள்ளது போலவே இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்றார்கள். ரேஷன் கார்டில் கணவர் பெயர், எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து. பரீட்சைக்காகவே பாஸ்போர்ட் எடுத்தேன். எங்கும் பறக்கவில்லை, இரண்டு கட்டத்தை நிரப்ப ஆயிற்று.

மூன்றாண்டுக்கு ஒருமுறை பாடம் மாறும், மாறியதைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். லேசர் பிரின்டர் எப்படி அச்சடிக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாடத்தில் ஆறு படி, டிரம்மைச் சுத்தம் செய்வதில் தொடங்கும். கிளீனிங், சார்ஜிங், ரைட்டிங், டெவலப்பிங், டிரான்ஸ்ஃபரிங், ஃப்யூசிங். பிறகு வந்த பாடத்தில் ஏழு படி. முதலில் பக்கத்தைக் கணக்கிடும் பிராசஸிங் வந்து உட்கார்ந்துகொண்டது, சுத்தம் கடைசிக்குப் போய்விட்டது. பிரின்டர் ஒன்றேதான், எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் மாறியது. பழைய புத்தகத்தில் படித்துவிட்டுப் புதுத் தேர்வுக்குப் போனவன் அங்கே இடறுவான். எங்கள் ஊரில் இந்தப் பாடத்தைப் புத்தகமில்லாமலே கற்றவர்கள் உண்டு. கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஹெச்பி 1020 பிரின்டரின் 12ஏ கார்ட்ரிட்ஜைப் பிரித்து, டோனர் நிரப்பி, டிரம் மாற்றி, பிளேடைத் துடைத்துப் போடும் பையன்கள். தாளில் அச்சு இரட்டையாக நிழல் விழுந்தால் பழைய எழுத்து டிரம்மிலிருந்து சரியாக வழிக்கப்படவில்லை என்று அவனுக்குத் தெரியும். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்ந்தால் சூடு பிடிக்கவில்லை. எத்தனை படி என்று கேட்டால் விழிப்பான்.

ஐஆர்க்யூ எண்கள் பாடத்திலிருந்து மெல்ல மெல்ல உதிர்ந்தன. மானிட்டருக்குள் கைவிடும்போது மட்டும் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் உயர் அழுத்தம் உன் உடம்பு வழியாகப் போகும் என்ற பழைய எச்சரிக்கையும் பெரிய வயிற்று மானிட்டர்களோடு போய்ச் சேர்ந்தது. 2012இல் வந்த 801, 802இல், நாலு விடையில் ஒன்றைத் தொடுவதோடு, திரையிலேயே வேலையைச் செய்து காட்டும் கேள்விகளும் வந்தன. தட்டச்சுச் சூத்திரம் அதோடு செல்லாக்காசு. எனக்கு அதில் வருத்தமில்லை.

இதற்கிடையில் ஆயுள் பிரச்சினை வேறு. 2010 ஜனவரியில் காம்ப்டியா, இனிச் சான்றிதழ் மூன்றாண்டுக்குத்தான், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அப்படியே என்றது. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. சில வாரத்தில் பின்வாங்கி, 2011க்கு முன் வாங்கியவை ஆயுளுக்கும் செல்லும், பிறகு வாங்குபவை மூன்றாண்டுக்கு என்று தீர்த்துவைத்தார்கள். என்னுடையது ஆயுள் சான்றிதழ். பி8, பி9 காலத்துப் பாடம் படித்தவளுக்கு ஆயுள், இன்றைய பாடத்தை முட்டிமோதிப் படித்தவனுக்கு மூன்றாண்டு. இதில் என்ன நியாயம் என்று மாணவர்கள் கேட்டால், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. டோயக் என்று தொடங்கி இப்போது நைலிட் என்று பெயர் பெற்ற மத்திய நிறுவனம் ஹார்டுவேர் பராமரிப்புக்குத் தேர்வு வைத்தது, ஐடிஐக்களில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு என்று ஒரு தொழிற்பிரிவு வந்தது. அந்தத் தாள்களுக்கு அரசு வேலையில் மதிப்பு உண்டு. அவற்றைப் பற்றி அங்கே படித்தவர்கள் எழுதட்டும்.

நான் சொல்ல வேண்டியது இன்னொன்று. தட்டச்சு அறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள் என்றேன். லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்பது பெண் பார்க்க வரும்போதுகூடச் சொல்லும் தகுதி. கண்ணாடி அறைக்குள் ஹார்டுவேர் வகுப்பு தொடங்கியதும் பெண்கள் முன்னறையிலேயே நின்றுவிட்டார்கள். டிடிபி, டேலி, பிறகு அரசு நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு என்று போனார்கள். ரிச்சி தெருவுக்கு விடிகாலை பஸ் பிடிக்க வேண்டும், அடுத்தவர் வீட்டுக்குள் போய் மேசைக்கு அடியில் தவழ வேண்டும், கடையில் பையன்களோடு உட்கார வேண்டும் என்று வீட்டில் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், எனக்கே சொன்னவைதான். டைப்ரைட்டர் காலத்திலும் மெக்கானிக் ஆண்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அப்போது சான்றிதழும் சம்பளமும் மரியாதையும் ஓட்டுகிறவர் பக்கம் இருந்தன, மெக்கானிக் மண்ணெண்ணெய்க் கையோடு படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். கம்ப்யூட்டர் வந்ததும் ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வேலையாகி மலிந்துபோயிற்று. பழுது பார்ப்பவர் இன்ஜினியர் ஆனார், செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்காக வரிசையாகத் திறந்த பிரவுசிங் சென்டர்களில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் பரீட்சையை விடவில்லை. பரீட்சைதான் அவர்களை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனது.

அதைக் கொஞ்சமாவது திருப்பிப் போட்டது 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டம். பிளஸ் டூ படித்த பெண் கைக்கே லேப்டாப் வந்தது, வின்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து. வாரண்டி முடிந்ததும் சார்ஜர் பின் ஆடுகிறது, கீல் உடைந்தது, கீபோர்டில் பால் கொட்டியது என்று கிராமங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. தன் மெஷினைத் தானே பிரித்துப் பார்த்த பெண்கள் சிலர் அப்படித்தான் என் வகுப்புக்கு வந்தார்கள். மேசைக்கு அடியில் தவழ வேண்டியதில்லை, மெஷின் மடியில் வருகிறது.

இப்போது 2025இல் வந்த 1201, 1202 நடக்கிறது. ஒரு தாளுக்கு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. முதல் தாளுக்கு 900க்கு 675 வேண்டும், இரண்டாவதற்கு 700. போன், கிளவுட், வைரஸ் என்று பாதிப் பாடம் திருப்புளியே தொடாதது. பழுது பார்க்கும் முறை என்று நான் நடத்தும் ஆறு படி மட்டும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது: என்ன கோளாறு என்று கேட்டுத் தெரிந்துகொள், காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டமிட்டுச் செய், முழுக்க ஓடுகிறதா பார், எழுதி வை. இதை நடத்தும்போது மட்டும் நான் புத்தகத்தை மூடிவிட்டு வேலூர் மெக்கானிக்கின் அந்த ஒரு வரித் தாளைப் பற்றிச் சொல்வேன். முதல் படி நம் ஊரில் எப்படி நடக்கும் என்றும் சொல்வேன். "என்ன பண்ணீங்க?" "ஒண்ணுமே பண்ணல மேடம், தானா ஆஃப் ஆயிடுச்சு." அந்த 'ஒண்ணுமே'யை வாங்கிக்கொண்டு பொறுமையாக மறுபடி கேட்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது என் அனுபவம். ஆறாவது படியை, எழுதி வைப்பதை, ஆண் பெண் யாரும் செய்வதில்லை.

இந்த பேட்ச்சில் வேட்டவலம் சாலைப் பக்கமிருந்து ஒரு பெண் வருகிறாள். கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஏதோ கோர்ஸ் முடித்திருக்கிறாள், மாதிரித் தேர்வில் முதல் தாளைத் தாண்டிவிட்டாள். பரீட்சைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு. வீட்டு முன்னறையில் லேப்டாப், போன் சர்வீஸ் போடப் போகிறாளாம். ஐசி கழற்றும் ஹாட் ஏர் மெஷின் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா, எந்தச் சந்து, எந்தக் கடைக்காரர் ஏமாற்றாமல் தருவார் என்று கேட்டாள். வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். இப்போதெல்லாம் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு எப்படிப் போவது என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.